மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு நாவல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜூன் மாதத்துத் தில்லியை உங்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. அந்த ஜூனில், மத்தியானம் இரண்டு மணிக்கு, ஆர்.கே.புரத்தில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், ஒரு பெண்மணி கூலரையும் மின்விசிறியையும் நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, குளிர்காலத்துப் பஞ்சுப் போர்வையான ரஜாயைக் கூடாரம் மாதிரி தலைக்கு மேல் போட்டுக்கொண்டு தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள்? நினைத்தார்கள். அந்தப் பெண்மணி நான்தான். ஆடியோ புக்குக்காக ஒரு தமிழ் நாவலை வாசித்துக்கொண்டிருந்தேன். மின்விசிறியின் இரைச்சல் நம் காதுக்குப் பழகிவிட்டது, மைக்குக்குப் பழகாது. ஒரு பக்கம் முழுக்கத் தப்பில்லாமல் வந்து கடைசி வரியில் நிற்கும்போது கீழே பழைய சாமான் வாங்கும் கபாடிவாலா குரல் கொடுப்பார். அவருடைய குரல்வளம் எனக்கு இல்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது கதை வழியாக அல்ல. தில்லியில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்த, பார்வையற்ற ஒரு தமிழ் மாணவருக்குச் சில தமிழ் நூல்களை வாசித்துப் பதிவு செய்து கொடுத்தேன். முதல் பதிவை அனுப்பிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். போன் வந்தது.

"அக்கா, ரொம்ப நன்றி. ஒண்ணு சொல்லலாமா? நீங்க நடிக்காதீங்கக்கா, படிங்க, போதும். சோழர் படையெடுப்புக்கு நீங்க இப்படிக் குரலை ஏத்தினா, நான் நோட்ஸ் எடுக்கிறதா, போருக்குக் கிளம்புறதா?"

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. கம்ப்யூட்டரின் இயந்திரக் குரலைத்தான் அவர் பெரும்பாலும் கேட்பார். அதுவும் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில். "அப்புறம் நான் எதுக்குப்பா?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "அதுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியாதுக்கா" என்றார்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் பாதி வேலை. 'அம்மா வீட்டில் இல்லை என்றாள்' என்று ஒரு வரி வருகிறது. 'அம்மா' என்று சொல்லிவிட்டு அரை நொடி நிறுத்திப் பாருங்கள். பேசுகிறவள் அம்மா, வீட்டில் இல்லாதது வேறு யாரோ. 'அம்மா வீட்டில் இல்லை' வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி அப்புறம் நிறுத்துங்கள். இப்போது வெளியே போயிருப்பவள் அம்மா, வாசலில் நின்று பதில் சொல்கிறவள் மகள். அச்சில் இரண்டும் ஒன்றுதான். கண்ணால் படிக்கிறவர் சந்தேகம் வந்தால் மேல் வரிக்குப் போய்ப் பார்த்துக்கொள்வார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறவர் எங்கே போவார்? அவருக்காக வாசிக்கிறவர்தான் முடிவு செய்தாக வேண்டும்.

எழுத்திலும் இந்தச் சங்கடம் உண்டு. 'பாவம்' என்று எழுதியிருக்கிறது. செய்த பாவமா, முகத்தில் தெரியும் பாவமா? நமக்கு இருப்பது ஒரே 'ப'. 'அவள் முகத்தில் ஒரு பாவமும் இல்லை' என்ற வரியை ஒரு ஒலிப்புத்தகத்தில் புண்ணிய பாவக் கணக்காக வாசித்துக் கேட்டிருக்கிறேன். உணர்ச்சியே இல்லாமல் நின்றவளை அந்தக் குரல் ஒரே நொடியில் உத்தமி ஆக்கிவிட்டது! 'பந்தம்' என்றால் கையில் எரிகிற தீப்பந்தமா, விட முடியாத உறவா? இப்படிப்பட்ட சொல்லின் தலைக்கு மேல் பென்சிலால் சின்னதாக ஹிந்தி எழுத்தைப் போட்டுக்கொள்வேன். அதில் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து இருக்கிறதே. தில்லியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதற்கு அப்படி ஒரு பலன்.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். போன மாதம் ஒரு குடும்ப நாவலை மெட்ரோவில் கேட்க ஆரம்பித்தேன். ஆர்.கே.புரத்தில் ஏறினேன், ஹௌஸ் காஸ் வருவதற்குள் நிறுத்திவிட்டேன். இரண்டே ஸ்டேஷன். முதல் அத்தியாயத்திலேயே பெரியப்பா உள்ளே வந்து "சாப்டாச்சா?" என்கிறார். அதைப் பழைய சினிமா வில்லன் மாதிரி அடித்தொண்டையில் இழுத்து வாசித்திருந்தார்கள். சொத்து யார் கைக்குப் போகப்போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பெரியம்மாவுக்கு ஒரு கீச்சுக்குரல். வாசித்தவர் ஆண் என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெண் பேசும்போது வேகத்தைக் கொஞ்சம் தணித்தால் போதும், காது மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். போதாக்குறைக்கு யாராவது பெருமூச்சு விட்டால் ஒரு புல்லாங்குழல்.

வாசிக்கிறவருக்குக் கதையின் முடிவு தெரியும், ஆனால் அவர் குரலுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. பிரிட்டனில் 1935-ல் 'பேசும் புத்தகங்கள்' தொடங்கின. முதல் உலகப் போரில் கண்ணை இழந்து திரும்பிய வீரர்களை நினைத்துச் செய்த ஏற்பாடு அது. இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 25 நிமிடம் ஓடும், ஒரு நாவலுக்கு ஒரு கட்டுத் தட்டு வேண்டும். முதன்முதலில் பதிவானவற்றில் ஒன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல், ரோஜர் அக்ராய்டின் கொலை. அதைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதை உரக்க வாசிப்பது எப்பேர்ப்பட்ட சோதனை என்று. ஏன் என்று இங்கே சொன்னால் படிக்காதவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

நமக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி." இந்தத் தில்லியிலிருந்து போன அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் காப்பி கலந்தார்கள். 2022-ல் அவர் மறைந்தபோது எல்லோரும் நினைவுகூர்ந்தது செய்தியை அல்ல, அந்த ஒரு வரியைத்தான். பூர்ணம் விசுவநாதன் நாடகத்திலும் சினிமாவிலும் பேர் வாங்கியவர், அவரும் தில்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர்தான். நடிக்கத் தெரிந்தவர், எங்கே நடிக்க வேண்டாம் என்றும் தெரிந்தவர். அதற்காகக் குறள் ஒப்பிக்கிற மாதிரி ஒரே சுருதியில் ஓட்டுவதை நான் சிபாரிசு செய்யவில்லை. அது வேறு வகைத் தண்டனை.

இங்கே வளர்கிற நம் பிள்ளைகளை நினைத்தால்தான் இந்தக் குரல் விஷயம் எனக்குக் கனமாகிறது. வீட்டில் தமிழ் சரளமாகப் பேசுவார்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவார்கள். என் அண்ணன் மகன் அப்படித்தான். அவனுக்குத் தமிழ் நாவல் என்றால் அது காதால்தான். திருநெல்வேலிக் கதை ஒன்றைக் கேட்டுவிட்டு வந்து, "அத்தை, 'ஏல'ன்னா திட்டுறதா, கொஞ்சுறதா?" என்றான். வாசித்தவர் அந்த ஊர்க்காரராக இருந்திருந்தால் அவன் கேட்டிருக்கவே மாட்டான். வாயில் வராத வட்டார வழக்கைப் பூசிக்கொள்வதைவிட, எழுதியிருப்பதை அவரவர் நாக்கில் நேராகச் சொல்லிவிடுவது மேல்.

தொழில் ரகசியம் கேட்டு நண்பர்கள் தொந்தரவு செய்வார்கள். வாய் உலர்ந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் ஒரு துண்டு பச்சை ஆப்பிள். ஒரு மணி நேரப் பதிவுக்கு எனக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். அவ்வளவுதான். இன்னொன்று உண்டு, அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மைக்கைத் தொடுவதற்கு முன் புத்தகத்தை ஒரு தரம் கடைசி வரை படித்துவிட வேண்டும்.

முதலில் சொன்ன அந்த ஜூன் மாத நாவலை நான் அப்படிப் படிக்கவில்லை. அவசரம். அதில் ஒரு ரிட்டயர்டு தபால்காரர் வருவார். எனக்கு மிகவும் பிடித்துப்போய், அவருக்கு வெண்ணெய் மாதிரி ஒரு குரல் கொடுத்தேன். பதினொரு அத்தியாயம் முடித்து அனுப்பியும் ஆயிற்று. பன்னிரண்டாவதின் இரண்டாம் பத்தியில் ஆசிரியர் எழுதுகிறார்: சின்ன வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவருக்குத் தொண்டை கட்டிய கரகரப்புக் குரல்தான், தெருவே அதை வைத்துத்தான் அவரை அடையாளம் கண்டுகொள்ளுமாம்.

மறுபடி பதிவு செய்ய நவம்பர் ஆகிவிட்டது. மின்விசிறித் தொல்லை இல்லை, ஆனால் கல்யாண சீசன். பேண்ட் வாத்தியமும் பட்டாசும் ஓய்ந்து, இரவு ஒரு மணிக்கு ரஜாய்க்குள் உட்கார்ந்து, அவர் பேசும் இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடி வாசித்தேன். மொத்தம் 214 வரிகள். நாலாவது இரவில் எனக்கே நிஜமாகத் தொண்டை கட்டிக்கொண்டது. கடைசி நாற்பது வரிகள் அதனால்தான் நன்றாக வந்திருக்கின்றன.

வணக்கம்.