41 வயதில் மறுபடி போர்ட்டோ! தியாகோ சில்வா பற்றிக் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறேன்

வணக்கம் மக்களே! இன்றைக்கு இசை, முன்னோட்டம் எதுவும் கிடையாது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிரேசிலின் ஃபுட்பால் டிஃபென்டர் தியாகோ சில்வா, போர்ச்சுகலின் போர்ட்டோ கிளப்பில் சேர்ந்துவிட்டார்! 41 வயதில், பிரேசிலின் ஃப்ளுமினென்சேயை விட்டு மறுபடி ஐரோப்பாவுக்கு வந்துவிட்டார். இந்த 2025 டிசம்பரில் இதைவிட நல்ல செய்தி எனக்கு வரவில்லை. சேனலைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும், கோல் அடிக்கிறவர்களைப் பற்றி நான் அதிகம் பேச மாட்டேன். அவர்களைக் கொண்டாட ஊரே இருக்கிறது. எனக்கு சென்டர் பேக், அதாவது பின்வரிசையின் நடுவில் நின்று கோல் விழாமல் தடுக்கிறவர்தான் உயிர்.

சந்தோஷம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு என்ன சொல்கிறார்கள்? வீட்டில் உட்கார வேண்டிய வயதில் ஊர் சுற்றுகிறாராம். பழைய பாசத்துக்காகக் கூப்பிட்டிருக்கிறார்களாம். பழைய பாசமா? போர்ட்டோவில் அவருக்கு என்ன பழைய பாசம் கிடைத்தது என்று சொல்கிறேன், கேளுங்கள். அதற்கு முன்னால் ஜெர்சி விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

கிளப் உலகக் கோப்பை பார்த்த ஜோரில், ஃப்ளுமினென்சே ஜெர்சி ஒன்று வாங்கியே தீருவது என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். கடை பெயர் வேண்டாம். விலை 1,299 ரூபாய், முதுகில் பெயரும் 3 என்ற எண்ணும் அடிக்க 250 ரூபாய் தனி. ஃப்ளுமினென்சே ஜெர்சியின் அழகே அந்த மூன்று நிறக் கோடுகள்தான். பச்சை, வெள்ளை, அப்புறம் அந்த ஆழமான மெரூன். மாதுளம்பழத் தோலை முற்றவிட்டால் வருமே, அந்த நிறம். எனக்கு வந்தது என்ன தெரியுமா? பளீர் சிவப்பு! சிவப்பு, பச்சை, வெள்ளை என்றால் அது வேறு ஏதோ நாட்டுக் கொடி. கடைக்காரரிடம் கேட்டால், வெளிச்சத்தைப் பொறுத்து நிறம் மாறித் தெரியலாம் என்கிறார். நான் வாசலில் வெயிலில் பிடித்தேன், ட்யூப் லைட்டில் பிடித்தேன். எந்த வெளிச்சத்தில் பிடித்தாலும் சிவப்பு சிவப்புதான். பெயர் அடித்த ஜெர்சியைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். சரி, பெயரையாவது ஒழுங்காக அடித்தார்களா என்றால், ‘சில்வா’வில் ஒரு எழுத்து இரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கி நிற்கிறது. கேமராவில் தெரிகிறதா பாருங்கள். இதோ. இந்த எழுத்து. 250 ரூபாய்க்கு ஒரு ஸ்கேல் வைத்து அடிக்கக் கூடாதா?

சரி, விடுங்கள். 2004-க்குப் போவோம்.

அந்த ஆண்டு மே மாதம் போர்ட்டோ மொனாக்கோவை 3-0 என்று அடித்து ஐரோப்பிய சாம்பியன் ஆகியிருந்தது. பிரேசிலின் ஜுவென்டூடே கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த, இருபது வயதுகூட நிரம்பாத சில்வாவை அந்த போர்ட்டோ வாங்குகிறது. பையனுக்கு எவ்வளவு கனவு இருந்திருக்கும்! கடைசியில் பி அணியில், அதாவது கிளப்பின் இரண்டாம் அணியில் போட்டு வைத்தார்கள். முதல் அணிக்காக ஒரு போட்டிகூட ஆடவில்லை. அடுத்த ஆண்டு ரஷ்யாவுக்கு, டைனமோ மாஸ்கோவுக்குப் போய்விட்டார். இதுதான் அந்தப் பழைய பாசம்.

மாஸ்கோவில் நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் அவரது வயதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பது என் கருத்து. அங்கே போனதும் அவருக்குக் காசநோய் என்று தெரிகிறது. கிட்டத்தட்ட ஆறு மாதம் ஆஸ்பத்திரி வாசம். பனி கொட்டும் ஊர், பாஷை தெரியாது, ஊசியும் மாத்திரையும்தான் பொழுது. நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கலாமா என்ற அளவுக்குப் பேச்சு போயிருக்கிறது. யோசித்துப் பாருங்கள், ஓடிப் பிழைக்கிற ஆளுக்கு நுரையீரலில் கத்தி! டைனமோவுக்கும் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஃபுட்பாலே வேண்டாம் என்று முடிவெடுக்கும் நிலையில் இருந்தவரை அம்மாதான் பேசித் திருப்பியிருக்கிறார். அப்புறம் இவோ வோர்ட்மன் என்ற பயிற்சியாளர். ஜுவென்டூடே காலத்திலிருந்தே சில்வாவை அறிந்தவர், மாஸ்கோவிலும் பயிற்சியாளராக இருந்தவர். 2006-ல் அவர் ஃப்ளுமினென்சேக்கு வந்தபோது சில்வாவையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தார். இந்த மனிதரைப் பற்றி யாருமே பேசுவதில்லை. அவர் இல்லாவிட்டால் இந்த வீடியோவே இல்லை.

2007-ல் பிரேசில் கோப்பையை ஃப்ளுமினென்சே வென்றது. அடுத்த ஆண்டு தென் அமெரிக்கக் கிளப்களின் பெரிய போட்டியான லிபெர்ட்டடோரெஸில் இறுதிப் போட்டி வரை போய், மரக்கானா மைதானத்தில் பெனால்டியில் ஈக்வடாரின் எல்.டி.யு. கீட்டோவிடம் தோற்றது. ரசிகர்கள் அவருக்கு ‘மான்ஸ்ட்ரோ’ என்று பட்டம் கொடுத்தது இங்கேதான். ராட்சசன்! அவ்வளவு சாதுவாக ஆடுகிறவருக்கு இப்படி ஒரு பெயர்.

அப்புறம் இத்தாலியின் ஏ.சி. மிலான் கிளப். 2009 ஜனவரி, சுமார் ஒரு கோடி யூரோ. போய்ச் சேர்ந்ததும் ஒரு சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் வீரர்களுக்கான இடம் அந்த சீசனுக்கு நிரம்பிவிட்டது. அரை சீசன் முழுக்கப் பயிற்சி மட்டும். லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்க முடியாது. எனக்கு இந்த ஆறு மாதம் ரொம்பப் பிடிக்கும். ஏன் தெரியுமா? அது மிலானின் பெரிய டிஃபென்டர் பாவ்லோ மால்டினியின் கடைசி சீசன். தினமும் காலையில் மால்டினியும் இன்னொரு பெரிய டிஃபென்டர் நெஸ்டாவும் நிற்கிற மைதானத்தில் பயிற்சி. ஆட்டத்துக்கு இறங்கும் கவலை இல்லை, பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். காசு கொடுத்தாலும் கிடைக்காத பள்ளிக்கூடம் அது. 2011-ல் மிலான் இத்தாலி லீக் பட்டம் வென்றபோது பின்வரிசையின் தூண் இவர்தான்.

அவர் ஆட்டத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். பந்தைப் பார்க்காதீர்கள், அவர் தலையைப் பாருங்கள். பந்து இன்னும் எதிரணியின் நடுக்களத்தில் இருக்கும்போதே இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. ஸ்ட்ரைக்கர் எங்கே நிற்கிறான் என்று கணக்குப் போட்டாயிற்று. அப்புறம் இரண்டு எட்டு பின்னால் வைப்பார், அவ்வளவுதான். பாஸ் வரும்போது அவர் ஏற்கெனவே அங்கே நிற்பார். சட்டையில் புல் ஒட்டாது. பறந்து விழுந்து சறுக்கி டேக்கிள் போட்டால்தான் பெரிய டிஃபென்டர் என்று நினைக்கிறவர்களோடு எனக்குச் சுத்தமாக ஒத்துப்போகாது. சறுக்கி விழ நேர்ந்தாலே பாதி வேலை கெட்டுவிட்டது என்று அர்த்தம். கால் வேகத்தை நம்பி ஆடியிருந்தால் 33 வயதில் முடிந்திருப்பார். கண்ணை நம்பி ஆடினார், 41-லும் ஆள் தேடி வருகிறார்கள்.

2012-ல் பாரிஸ். அந்த ஊர் கிளப் பி.எஸ்.ஜி. கொடுத்தது 4.2 கோடி யூரோ. எட்டு சீசன், 315 ஆட்டம், ஏழு லீக் பட்டம், பெரும்பாலும் கேப்டன். 2020 ஆகஸ்டில் ஐரோப்பிய கிளப்களின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிப் போட்டி, ஜெர்மனியின் பயெர்ன் கிளப்பிடம் 1-0 தோல்வி. சில நாளிலேயே ஒப்பந்தம் முடிந்தது, இங்கிலாந்தின் செல்சி கிளப் ஒரு பைசா இல்லாமல் கூட்டிக்கொண்டு போனது. ஒரு பைசா இல்லாமல்! வயதாகிவிட்டது என்று பாரிஸில் விட்டுவிட்டார்கள். முதலில் ஒரு வருட ஒப்பந்தம். அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று என்று நான்கு சீசன், 155 ஆட்டம். பாரிஸில் அவரை வாங்கும்போதும் விளையாட்டு இயக்குநர் லியோனார்டோ, விடும்போதும் அதே லியோனார்டோ. அட, ஒன்றை விட்டுவிட்டேன், மிலானில் சில்வா முழுதாக ஆடிய முதல் சீசனின் பயிற்சியாளரும் இதே லியோனார்டோதான். இத்தனை வருடம் கூடவே இருந்து பார்த்தவருக்கே அந்தக் கால்களில் இன்னும் எத்தனை வருடம் மிச்சம் என்று தெரியவில்லை!

இப்போது போர்ட்டோவுக்கு வருகிறேன். 2021 மே 29, சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, செல்சி எதிர் மான்செஸ்டர் சிட்டி. நடந்த இடம்? போர்ட்டோவின் சொந்த மைதானம், டிராகாவ்! முதல் அணியில் அவருக்குக் கதவு திறக்காத அதே கிளப்பின் மைதானம். 39-வது நிமிடத்தில் தொடை இடுக்கில் காயம், வெளியே போகிறார். அடுத்த சில நிமிடத்தில் செல்சியின் ஹாவெர்ட்ஸ் கோல். மிச்ச நேரம் முழுவதும் அவர் ஓரத்தில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. ஆனால் கோப்பை கையில் வந்தது. பயிற்சியாளர் டூக்கெல். முந்தின வருடம் பி.எஸ்.ஜி.யோடு லிஸ்பனில் தோற்றபோதும் இதே டூக்கெல்தான் அவருக்குப் பயிற்சியாளர். அடுத்தடுத்து இரண்டு இறுதிப் போட்டி, இரண்டும் போர்ச்சுகலில்.

2014 உலகக் கோப்பையை மறக்கவில்லை, சொல்கிறேன். சிலிக்கு எதிராக பெனால்டிக்கு முன் பந்தின் மேல் உட்கார்ந்து அழுதார் என்று இன்றுவரை அந்தக் காணொளியைப் போட்டுக் காட்டுகிறார்கள். சொந்த நாட்டில் நடக்கும் உலகக் கோப்பையில் கேப்டன் பட்டை கட்டிக்கொண்டு நிற்கிறவன் அழாமல் வேறு யார் அழுவார்? அடுத்த ஆட்டம் கொலம்பியா. ஏழாவது நிமிடத்தில் நெய்மாரின் கார்னரில் கோல் போட்டதும் இவர்தான். அதை யாரும் போட்டுக் காட்டுவதில்லை. அதே ஆட்டத்தில் கோல் கீப்பர் ஓஸ்பினா பந்தை உதைக்கப் போகும்போது குறுக்கே போய் ஒரு மஞ்சள் அட்டை. அந்தப் போட்டித் தொடரில் இரண்டாவது அட்டை, அதனால் அடுத்த ஆட்டத்துக்குத் தடை. ஜூலை 8, ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் அவர் இல்லை. பிரேசில் 7-1 என்று தோற்றது. அவர் இருந்திருந்தால் ஏழு போயிருக்காது. நான் சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அந்த ஜூலை 8 திரும்பவும் வந்தது. 2024-ல் லீக் அட்டவணையின் அடியில் கிடந்த ஃப்ளுமினென்சேக்குத் திரும்பினார், கடைசி நாள் வரை போராடி, கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பித்தார்கள். அடுத்த வருடம் அமெரிக்காவில் கிளப் உலகக் கோப்பை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஐரோப்பிய இறுதிப் போட்டி ஆடியிருந்த இன்டர் மிலானை 2-0 என்று அடித்தார்கள்! கோல் கீப்பர் ஃபாபியோவுக்கு 44 வயது, சில்வாவுக்கு 40. இன்டர் எவ்வளவு முட்டியும் ஒரு கோல் போட முடியவில்லை. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று கதவைத் தட்டிவிட்டார். அப்புறம் 2025 ஜூலை 8, அரையிறுதியில் செல்சி. சில்வா தட்டிவிட்ட பந்து செல்சியின் ஜோவாவ் பெட்ரோ காலில் விழுந்து முதல் கோல். ஃப்ளுமினென்சேயில் வளர்ந்த பையன் அந்த பெட்ரோ. கொண்டாடவில்லை. 2-0, கதை முடிந்தது.

இப்போது பழைய கணக்குக்கு வருவோம். 21 வருடம் கழித்து அதே கிளப், இந்த முறை முதல் அணிக்கு. அந்த அணி பட்டத்துக்குப் போட்டியிடுகிற அணி, அங்கே சும்மா யாருக்கும் சம்பளம் கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு வாரமும் ஆடுவார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூட ஆடும் இளம் டிஃபென்டர்களுக்கு, அன்று மால்டினியைப் பார்த்து இவருக்குக் கிடைத்தது இப்போது இவரைப் பார்த்துக் கிடைக்கும். அதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

போர்ச்சுகலின் டிஃபென்டர் பெப்பே பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவரும் 2004-ல்தான் போர்ட்டோவுக்கு வந்தார், 41 வயதில் ஐரோப்பிய நாடுகளின் யூரோ கோப்பையில் ஆடினார். அடுத்த வீடியோ அவர்தான். மெரூன் கோடு சரியாக இருக்கிற ஃப்ளுமினென்சே ஜெர்சி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், விலையும் சேர்த்து எழுதுங்கள். வரட்டுமா?