மதுரபவனத்து மதுரம்

[காட்சி: நாகர்கோவில், ஒழுகினசேரி சாலை]

நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் யாருன்னு இங்க யாரைக் கேட்டாலும் "நம்ம ஊர்க்காரர்லா"ன்னு பதில் வரும். ஒழுகினசேரியில அவர் கட்டின வீட்டுக்குப் பேரு 'மதுரபவனம்'. அந்த மதுரம், நடிகை டி.ஏ.மதுரம். அவங்களை 'கலைவாணரோட ஜோடி'ன்னு ஒரு வரியில முடிச்சுடறது எனக்கு ஆறவே மாட்டேங்குது.

சொந்த ஊர் திருச்சிப் பக்கம், ஸ்ரீரங்கம். 1936-ல வந்த 'வசந்தசேனா' படத்துக்காகப் புனே போனப்போ கிருஷ்ணனோட பழக்கம். அது கல்யாணத்துல முடிஞ்சுது.

[காட்சி: பழைய படத் துணுக்கு]

இவங்க நடிப்பை உத்துப் பாருங்க. அவர் வசனத்தை அள்ளி விடுவார். மதுரம் சிரிக்கவே மாட்டாங்க. முகத்தை இறுக்கமா வெச்சுக்கிட்டு, சரியான இடத்துல ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. தியேட்டர் அதிர்றது அங்கதான். எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாம எந்தக் காமெடியும் நிக்காது.

[காட்சி: நாளிதழ், 1944]

1944 நவம்பர்ல சென்னையில பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை. அந்த வழக்குல டிசம்பர்ல கிருஷ்ணன் கைது. அந்தக் காலத்து பெரிய ஹீரோ எம்.கே.தியாகராஜ பாகவதரோட சேர்த்து இவருக்கும் ஆயுள் தண்டனை. வழக்கு, அப்போ கடைசி அப்பீல் கேக்குற லண்டன் பிரிவி கவுன்சில் வரை போச்சு. அதுக்கு ஆகுற செலவை நினைச்சுப் பாருங்க! கிருஷ்ணனோட நாடகக் குழுவுல சிலர் பிரிஞ்சும் போயிட்டாங்க.

மதுரம் முடங்கிடலை. நடிகர் எஸ்.வி.சகஸ்ரநாமத்தோட சேர்ந்து குழுவைக் கட்டிக் காப்பாத்தினாங்க, மேடை ஏறினாங்க. விதவை மறுமணத்தைப் பேசுற 'பைத்தியக்காரன்' நாடகம் படமாச்சு. 1947 ஏப்ரல்ல கிருஷ்ணன் விடுதலையாகி வந்தப்போ படம் பாதியில இருந்துது. அவருக்காகவே அதுல ஒரு வேஷத்தைச் சேர்த்தாங்க. திரும்பி வந்த மனுஷனுக்கு நிக்க ஒரு மேடை இருந்துது. அது மதுரத்தோட உழைப்பு.

அடுத்த வருஷமே 'சந்திரலேகா'வுல சர்க்கஸ் ஜோடியா ரெண்டு பேரும் கலக்கினாங்க.

1957 ஆகஸ்ட் 30-ல கலைவாணர் மறைஞ்சார். மதுரம் 1974 வரைக்கும் இருந்தாங்க.

அடுத்த தடவை 'சந்திரலேகா' பாக்கும்போது, கலைவாணர் பேசுறப்போ பக்கத்துல நிக்கிற மதுரத்தோட முகத்தைக் கவனிங்க. எந்த இடத்துல உங்களுக்குச் சிரிப்பு வந்துதுன்னு கமெண்ட்ல எழுதுங்க.