எண்ணத் தெரிந்த கை

அவையோருக்கு வணக்கம். டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான மின்னணு நடன இசையில் பாட்டோடு பாட்டைக் கலந்து ஓட்டும் டிஜேக்குக் கைவேகம்தான் மூலதனம் என்று பலரும் நினைக்கிறார்கள். எண்ணத் தெரிவதுதான் மூலதனம் என்பது என் கட்சி. சாட்சிக்கு இந்த இசையின் பிரிட்டிஷ் டிஜே ஆண்டி சி-யை அழைக்கிறேன்.

1992-ல் ஆன்ட் மைல்ஸுடன் சேர்ந்து ராம் ரெக்கார்ட்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கியபோது அவர் இருபதைத் தொடாத பையன். அடுத்த ஆண்டே 'ஆரிஜின் அன்னோன்' என்ற பெயரில் இருவரும் தந்த 'வேலி ஆஃப் த ஷாடோஸ்' இன்றும் ஒலிக்கிறது. 2018-ல் வெம்பிளி அரினாவை இரவு முழுக்க ஒற்றை ஆளாக நடத்தினார். இடையில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட வித்தை 'டபுள் டிராப்': இரண்டு பாட்டின் டிராப்பும், அதாவது முழு டிரம்ஸும் பேஸும் வெடித்து நுழையும் இடமும், ஒரே தட்டில் (பீட்டில்) விழுவது.

அதன் கணக்கைப் பாருங்கள். வேகம் நிமிடத்துக்கு 174 தட்டு. நான்கு தட்டு ஒரு பார், அதற்கு 1.38 வினாடி. 32 பாருக்குச் சுமார் 44 வினாடி. முதல் பாட்டில் டிராப் 64-வது பார் முடிந்து வருகிறது, இரண்டாவதில் 32 பார் முடிந்து வருகிறது என்றால், முதல் பாட்டில் 33-வது பாரின் முதல் தட்டில் இரண்டாவதை விட வேண்டும். இரண்டாவது 172-ல் பதிவானதென்றால் வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரை 1.2 சதவீதம் ஏற்ற வேண்டும். வைனில் இசைத்தட்டில் அதோடு வேலை முடியாது; வேகம் மெல்ல விலகும், விரலால் இசைத்தட்டைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு தட்டு பிசகினால் ஒன்றின் கிக் (பெரிய டிரம்மின் அடி) மேல் மற்றதன் ஸ்னேர் (சுள்ளென்ற அடி) ஏறும். ஆடுகிறவர் கால் உடனே கண்டுபிடித்துவிடும், காதுக்குக் கொஞ்சம் தாமதம்.

தாளம் பொருந்தியும் கெடுவது உண்டு. இரண்டு பாட்டின் பேஸ்லைனும் (கனத்த கீழ்ஸ்தாயி ஒலி) 40–60 ஹெர்ட்ஸில் ஒன்றாக உறுமினால் ஒன்றையொன்று தின்றுவிடும்; பெரிய ஸ்பீக்கரில் வெறும் சேறு. அதனால் ஒன்றின் கீழ்ஸ்தாயியைக் கூட்டிக் குறைக்கும் லோ குமிழை முழுக்க இறக்கிவிட்டு, எட்டு அல்லது பதினாறு பாருக்கு ஒருமுறை மாற்றிக் கொடுப்பார்கள். சுருதி ஒவ்வாத இரண்டு பாட்டுக்கு இந்த வைத்தியமும் பலிக்காது. அந்த ஜோடியையே விட்டுவிடுவது நல்லது.

இந்தக் கணக்கு மேடையில் பிறப்பதல்ல, ஸ்டுடியோவில் பிறப்பது. பாட்டை உருவாக்கும் தயாரிப்பாளரே டிஜேயாக இருந்தால், அடுத்தவன் கலக்க இடம் வேண்டும் என்று தெரிந்து, இன்ட்ரோவில், அதாவது பாட்டின் தொடக்கத்தில், 32 பார் டிரம்ஸை மெலடி இல்லாமல் விடுவார். 30 பாரில் டிராப் வைத்த பாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் பெட்டியிலேயே தூங்கும்.

அந்த டிரம்ஸுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1969-ல் த வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஆமென், பிரதர்' பாட்டில் கிரெகரி கோல்மன் தனியாக அடித்த நான்கு பார், ஏறக்குறைய ஏழு வினாடி. அதை நிமிடத்துக்கு 137 தட்டிலிருந்து 174-க்கு அப்படியே ஓட்டினால் சுருதி நான்கு செமிடோனுக்கு (அரைச்சுரத்துக்கு) மேல் ஏறிக் கீச்சிடும். எனவே அகாய் சாம்ப்ளர் என்ற ஒலித்துண்டுக் கருவியில் ஏற்றி, ஒவ்வோர் அடியையும் தனித்தனியாக வெட்டி, வேண்டிய சுருதியில் மறுபடி அடுக்கினார்கள். டிரம் அண்ட் பேஸின் முன்னோடியான ஜங்கிள் இசையின் உடைந்த நடை இந்த வெட்டில்தான் வந்தது. அடித்தவருக்குக் காசு வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வைனில் காலத்தில் முடித்த பாட்டு உடனே கடைக்குப் போகாது. வட லண்டனின் மியூசிக் ஹவுஸ் போன்ற இடத்தில் அதை டப்பிளேட்டாக, அதாவது ஒற்றைப் பிரதி சோதனை இசைத்தட்டாக, வெட்டுவார்கள்: அலுமினியத் தட்டு, மேலே லேக்கர் பூச்சு. பேஸ் மோனோவாக (இரு பக்கமும் ஒரே ஒலியாக) இல்லாவிட்டால் ஊசி துள்ளும். சனி இரவு கிளப்பில் ஓட்டி, கூட்டம் எங்கே தளர்கிறது என்று பார்த்து, திங்கட்கிழமை அந்த இடத்தைத் திருத்துவார்கள். பூச்சு மென்மையானது, சில பத்து முறை ஓடினாலே தேயும். ஹை-ஹேட் சிம்பலின் ஒலிதான் முதலில் மங்கும்.