கோடு போடுவதற்கு முன்பு

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

கணக்குத் தேர்வில் வரைபடத்துக்கு மதிப்பெண் எதற்குக் கிடைக்கிறது? அச்சு போட்டதற்கு, அளவுத்திட்டம் எழுதியதற்கு, புள்ளி வைத்ததற்கு. அட்டவணை பிள்ளைகள் கைக்கு வரும்போதே "பட்டை விளக்கப்படம் வரைக" என்ற கட்டளையும் கூடவே வந்துவிடுகிறது. எந்தப் படம் பொருந்தும் என்று யோசிக்கும் வேலையை நாமே முடித்துவிட்டு, கோடு இழுக்கும் வேலையை மட்டும் அவர்களிடம் விடுகிறோம். நான் பேச வந்தது அந்த முதல் வேலையைப் பற்றித்தான்.

தமிழ்நாட்டின் மக்கள்தொகையையே எடுத்துக்கொள்வோம். கணக்கெடுப்பின்படி 1951இல் 3.01 கோடி, 1971இல் 4.12 கோடி, 2001இல் 6.24 கோடி, 2011இல் 7.21 கோடி. இந்த நான்கு எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள். எந்தப் படம் என்று சொல்லாதீர்கள். இடைப்பட்ட கணக்கெடுப்புகளை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன், காரணம் பிறகு.

வகுப்பில் பாதிப் பேராவது நான்கு ஆண்டுகளையும் கிடை அச்சில் சம இடைவெளியில் எழுதுவார்கள். அட்டவணையில் அவை அடுத்தடுத்த வரிகளில் இருப்பதால் தாளிலும் அடுத்தடுத்து வைத்துவிடுவார்கள். அப்படி வரைந்த கோடு என்ன சொல்கிறது? முதல் கட்டத்தில் 1.11 கோடி ஏற்றம், நடுவில் 2.12 கோடி, கடைசியில் 0.97 கோடி. நடுவில் செங்குத்தாக ஏறி, கடைசியில் படுத்துவிட்ட கோடு. அதைப் பார்க்கும் பிள்ளை, "2001க்குப் பிறகு மக்கள்தொகை ஏறுவது குறைந்துவிட்டது" என்று எழுதும்.

ஆனால் முதல் இடைவெளி 20 ஆண்டு, அடுத்தது 30, கடைசியானது வெறும் 10. பத்தாண்டுக் கணக்காகப் பிரித்துப் பாருங்கள்: சுமார் 0.56 கோடி, 0.71 கோடி, 0.97 கோடி. ஏற்றம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. ஒரு எண்கூடத் தப்பில்லை, எல்லாப் புள்ளியும் சரியான உயரத்தில் இருக்கிறது, படமோ நேர்மாறாகப் பேசுகிறது. வரைபடப் பாடத்தில் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய முதல் காட்சி இது என்பேன். சம இடைவெளியில் ஒரு படம், ஆண்டுகளுக்கேற்ற இடைவெளியில் ஒரு படம், இரண்டையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக வரையச் சொல்லுங்கள். நீங்கள் விளக்கவே வேண்டாம்.

இப்போது அளவுத்திட்டம். குத்து அச்சில் 1 செ.மீ.க்கு 50 லட்சம் என்று வைத்தால் 8 கோடிக்கு 16 செ.மீ. போதும், வழக்கமான வரைபடத்தாளில் தாராளமாக அடங்கும். ஒரு சிறு கட்டம் 5 லட்சம். 4.12 கோடி என்றால் 8 பெரிய கட்டம் தாண்டி, இரண்டரைச் சிறு கட்டத்துக்குச் சற்றுக் குறைவாக. 7.21 கோடிக்கு 14 பெரிய கட்டம், நான்கு சிறு கட்டம், கொஞ்சம். கிடை அச்சில் பத்தாண்டுக்கு 2 செ.மீ., ஆக மொத்தம் 12 செ.மீ. சிலர் தாளை நிரப்பவேண்டும் என்று 1 செ.மீ.க்கு 30 லட்சம் என எடுப்பார்கள். சிறு கட்டம் 3 லட்சமாகிவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்றால் வகுத்து மீதியைக் கண்ணால் மட்டிட வேண்டும். பாதிப் பிழை இங்கேதான் புகுகிறது. 1, 2, 5, அவற்றின் பத்து மடங்குகள். இவற்றைத் தாண்டி அளவுத்திட்டம் வேண்டியதில்லை.

பூச்சியத்திலிருந்துதான் தொடங்கவேண்டுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. பட்டை என்றால் கட்டாயம். 2001, 2011 இரண்டுக்கும் பட்டை வரைந்து, அச்சை 6 கோடியில் தொடங்கினால், ஒரு பட்டை 0.24, மற்றது 1.21. ஐந்து மடங்கு பெருகியதுபோல் தெரியும். உண்மையில் கூடியது 15 சதவீதத்தைச் சற்றுத் தாண்டி. பட்டையில் கண் பார்ப்பது நீளத்தை. அடியை வெட்டினால் ஒப்பீடே கெட்டுவிடும். கோட்டில் கண் பார்ப்பது சாய்வை. காய்ச்சல்காரரின் உடல்வெப்பத்தைப் பூச்சியம் டிகிரியிலிருந்து வரைந்தால் 98.6க்கும் 103க்கும் வித்தியாசமே தெரியாது. அங்கே 95இல் தொடங்குவதுதான் சரி. அச்சின் அடியில் வெட்டுக்குறி மட்டும் போடச் சொல்லுங்கள்.

பட்டையா, கோடா என்பதையும் தரவுதான் சொல்லவேண்டும். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட வணிகப் படங்களில் பெரும்பாலானவை ஆண்டுவாரியான கோடுகள். ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக்கு மட்டும் அவர் கையில் ஓராண்டுக் கணக்குதான் இருந்தது. காலம் ஓடாத இடத்தில் கோடு எப்படி ஓடும்? நாடுவாரியாகப் பட்டை போட்டார். பட்டைப் படம் அப்படித்தான் வந்தது. சென்னையின் மாதமழையும் பட்டைக்கு உரியது. அக்டோபர் மழை அந்த மாதம் முழுக்கப் பெய்ததன் கூட்டு. அக்டோபர் புள்ளியையும் நவம்பர் புள்ளியையும் கோட்டால் இணைத்தால் நடுவில் உள்ள கோட்டுக்குப் பொருளே இல்லை. வெப்பநிலைக்குக் கோடு பொருந்தும், அது ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு இடைவிடாமல் நகர்வதால்.

நிகழ்வுச் செவ்வகத்தில், அதாவது ஒவ்வொரு இடைவெளியிலும் எத்தனை பேர் என்பதைச் செவ்வகத்தின் பரப்பால் காட்டும் படத்தில், ஒரே ஒரு பிழையைச் சொல்லி நகர்கிறேன். பள்ளிக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று வகுப்பில் கேட்டுத் தொகுக்கிறீர்கள். 0–10க்கு 12 பேர், 10–20க்கு 14 பேர், 20–40க்கு 14 பேர் என்று வைத்துக்கொள்வோம். கடைசிச் செவ்வகம் இரட்டை அகலம். அதற்கும் 14 உயரம் வைத்தால் பரப்பு இரட்டிப்பாகி, தொலைவிலிருந்து வருபவர்களே அதிகம் என்று தோன்றும். உயரம் 7தான். வட்ட விளக்கப்படம் பற்றி நீட்டவேண்டியதில்லை: பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல், கூட்டினால் முழுமை வரவேண்டும். ஒரே பிள்ளை கிரிக்கெட்டுக்கும் கபடிக்கும் கை தூக்கியிருந்தால் வட்டம் வேண்டாம்.

படம் முடிந்ததும் அதன் கீழே ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். "மக்கள்தொகை கூடுகிறது" என்று எழுதினால் ஏற்காதீர்கள், அதை அட்டவணையே சொல்லிவிட்டது. எவ்வளவு காலத்தில், எவ்வளவு, எந்தக் காலத்தைவிட அதிகம் என்பது வரவேண்டும்.

விட்டுவைத்த ஆண்டுகளை மறுவகுப்பில் எடுங்கள். 1961 என்ற இடத்தில் கோடு எவ்வளவு காட்டுகிறது என்று முதலில் படிக்கச் சொல்லுங்கள், ஏறத்தாழ 3.57 கோடி என்பார்கள். பிறகு உண்மை எண்ணைக் கொடுங்கள்: 3.37 கோடி. புள்ளி கோட்டுக்குக் கீழே நான்கு சிறு கட்டம் தள்ளி விழும். 1981க்கு 4.84 கோடி, அது கோட்டின் மேலேயே உட்காரும். 1991க்கு 5.59 கோடி, கோட்டுக்கு ஒரு சிறு கட்டம் மேலே. ஏழு புள்ளிகளையும் இணைத்தபின், 1991க்கும் 2001க்கும் நடுவே சாய்வு முந்தைய பத்தாண்டைவிடத் தணிந்திருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். நான்கு புள்ளிப் படத்தில் அது இல்லவே இல்லை. இரண்டு புள்ளிக்கு நடுவே நாம் இழுத்த கோட்டில் எவ்வளவு கணக்கெடுப்பு, எவ்வளவு நம் ஊகம் என்று அப்போது கேளுங்கள்.