டிஸ்சார்ஜ் மார்க்கும் அப்புறம் வந்த வருடமும்

வணக்கம். தலையில் பலத்த அடிபட்டவரின் குடும்பம் டாக்டரிடம் முதலில் கேட்பது, "பிழைச்சுக்குவாரா?" அதற்கு ஐசியூவிலேயே பதில் கிடைத்துவிடும். கொஞ்ச நாள் கழித்து அடுத்த கேள்வி வரும்: "பழையபடி ஆயிடுவாரா?" மறுவாழ்வு வார்டில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக வேலை பார்க்கும் என்னிடம் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விதான் வரும். "போகப் போகத் தெரியும்" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்யில்லை. ஆனால் போகப் போக எனக்கே தெரியவில்லை. டிஸ்சார்ஜ் ஆன அன்றே ஃபைலை மூடிவிடுவோம்; அப்புறம் அவர் என்ன ஆனார் என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை.

எங்களுக்கு வேறொரு கணக்கு இருந்தது. ஒருவர் தன் அன்றாட வேலைகளை எவ்வளவு தானே செய்துகொள்கிறார் என்று மார்க் போடும் எஃப்ஐஎம் என்றொரு அளவுகோல் பல நாடுகளின் மறுவாழ்வு வார்டுகளில் புழங்குகிறது. மொத்தம் 18 விஷயங்கள். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது என்று உடம்பு சார்ந்தவை 13. புரிந்துகொள்வது, சொல்வது, பழகுவது, சிக்கலைத் தீர்ப்பது, நினைவு என்று மூளை சார்ந்தவை 5. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மார்க். சட்டை போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக் கையில் கொடுத்துவிட்டால் மீதியைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்றால் 5. போட்டுக்கொள்கிறார், ஆனால் பொத்தானை மட்டும் நாம்தான் மாட்டிவிட வேண்டும் என்றால் 4. அந்த ஒரு மார்க்குக்காக ஒருவரோடு மூன்று வாரம் பொத்தானும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் அவர் மாட்டினார். வார்டே கைதட்டியது.

அவர் 126க்கு 110க்கு மேல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். எங்கள் கணக்கில் அது வெற்றி. ஒரு வருடம் கழித்து, வேறு ஏதோ காரணத்துக்காக, அவர் மனைவிக்குப் போன் செய்தேன்.

"எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார் மேடம். நடக்கிறார், குளிக்கிறார், அவர் வேலைய அவரே பாத்துக்கிறார்."

"பகல்ல ஒரு எட்டு மணி நேரம் வீட்டுல தனியா விட்டுட்டுப் போக முடியுமா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அது முடியாது மேடம். போன மாசம் அடுப்பப் பத்த வச்சிட்டு அப்படியே வெளிய போயிட்டார். நான்தான் வேலைய விட்டுட்டேன்."

எங்கள் வெற்றிக் கணக்கில் அந்த அம்மாவின் வேலைக்கு இடமே இல்லை.

எட்டு மணி நேரக் கேள்வி என் சொந்தச் சரக்கு இல்லை. பிரையன் ஜென்னட், மைக்கேல் பாண்ட் என்ற இரண்டு டாக்டர்கள் 1975இல் கிளாஸ்கோ விளைவு அளவுகோலை வெளியிட்டார்கள். பின்னால் அது எட்டுப் படிகளாக விரிந்தது. வீட்டில் தனியாக இருக்க முடியுமா, கடைக்குப் போய் வர முடிகிறதா, வேலைக்குத் திரும்பினாரா, குடும்பத்தில் சண்டை சச்சரவு கூடியிருக்கிறதா என்றெல்லாம் அதில் கேட்பார்கள். அதில் எனக்குப் பிடித்தது ஒரு விதி: எந்தக் கேள்வியில் நிலைமை மிக மோசமோ, அதுதான் மொத்த மதிப்பு. நடையில் வாங்கிய மார்க்கைக் காட்டி அடுப்பை மறைக்க முடியாது.

சரி, ஒரு வார்டு தன் நோயாளிகளை மட்டும் இப்படிக் கேட்டால் போதாதா? போதாது. மூளையில் அடி ஒரே மாதிரி விழுவதில்லை. ஒருவருக்கு முன்பக்கம், இன்னொருவருக்குப் பக்கவாட்டில். ஒருவருக்கு வயது இருபது, இன்னொருவருக்கு அறுபது. எங்கள் வார்டில் ஒரே மாதிரி பத்துப் பேரைச் சேர்க்கவே வருடங்கள் ஆகும். பல மருத்துவமனைகள் ஒரே கேள்வியை, ஒரே வார்த்தைகளில், ஒரே கால இடைவெளியில் கேட்டு ஓரிடத்தில் சேர்த்தால்தான் ஏதாவது தெரியவரும். அமெரிக்காவில் 1987இல் மூளைக்காயம் பட்டவர்களுக்காகத் தொடங்கிய 'டிபிஐ மாடல் சிஸ்டம்ஸ்' என்ற திட்டம் இதைத்தான் செய்கிறது. அடிபட்டு ஒரு வருடத்தில், இரண்டு வருடத்தில், ஐந்து வருடத்தில், பிறகு ஐந்தைந்து வருடங்களுக்கு ஒருமுறை கூப்பிட்டுக் கேட்கிறார்கள்.

அப்படிச் சேர்ந்த விவரங்களிலிருந்து இரண்டு விஷயம் சொல்கிறேன். மறுவாழ்வுப் பிரிவுக்கு வரும்போது 'கையைத் தூக்குங்க' என்றால்கூடச் செய்யாத நிலையில் இருந்த 396 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். "இவருக்குத் தெரபி கொடுத்து என்ன பயன்?" என்று பல இடங்களில் கைவிடப்படுகிறவர்கள் இவர்கள். அங்கே படுத்திருந்த காலத்திலேயே அவர்களில் 268 பேருக்குச் சுயநினைவு திரும்பியது. இந்த எண் கையில் இருந்தால், தெரபி மறுக்கப்படும் குடும்பத்துக்காக வாதாட முடியும். என் அனுபவத்தில் இப்படி என்று மட்டும் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை.

இரண்டாவது அவ்வளவு இனிப்பான செய்தி இல்லை. அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் ஐந்தாண்டுக் கணக்கு இது: 26 சதவீதம் பேர் முன்னேறியிருந்தார்கள், 22 சதவீதம் பேர் அப்படியே இருந்தார்கள், 30 சதவீதம் பேர் மோசமாகியிருந்தார்கள், 22 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். எலும்பு முறிவு போல ஒருமுறை சரிசெய்து அனுப்பிவிடும் காரியமாகத்தான் நாங்கள் இதைப் பார்த்துவந்தோம். உண்மையில் சர்க்கரை நோய் போல விடாமல் கவனிக்க வேண்டிய ஒன்று.

விவரத்தைப் பகிரச் சொன்னாலே மருத்துவமனைகளுக்கு ஒரு பயம். நியாயமான பயம்தான். மிக மோசமான நோயாளிகளை எடுத்துக்கொள்ளும் இடத்தின் மார்க் குறைவாகத்தான் இருக்கும். அதை அப்படியே பட்டியலில் போட்டுத் தரவரிசை கொடுத்தால், அடுத்த வருடம் அவர்கள் அந்த நோயாளிகளைச் சேர்க்கவே யோசிப்பார்கள். அதனால் ஒத்தவர்களை ஒத்தவர்களோடு ஒப்பிட வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மறுவாழ்வுப் பிரிவுகளுக்காக 2002இல் தொடங்கிய ஏராக் என்ற மையத்தின் வழி எனக்குச் சரியாகப் படுகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் எண்களையும், பக்கத்திலேயே எல்லோருடைய எண்களையும் சேர்த்து அனுப்புகிறார்கள். நம்மைப் போன்ற நோயாளிகளை வைத்துக்கொண்டே இன்னொரு வார்டு இரண்டு வாரம் முன்னதாக வீட்டுக்கு அனுப்புகிறது என்று தெரிந்தால், அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒரு வருடம் கழித்துக் கூப்பிடும்போது எடுக்காதவர்கள் யார்? வீடு மாறியவர்கள், வேலை போனவர்கள், குடும்பம் பிரிந்து தனியானவர்கள். எடுத்துப் பேசுகிறவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் எல்லோரும் நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். வலையில் விழுந்த மீனை எண்ணிக் குளத்தைச் சொல்கிற கதை.

அதனால் இப்போது எங்கள் டிஸ்சார்ஜ் தாளில் மூன்று போன் நம்பர் கேட்கிறோம். ஒன்று நோயாளியுடையது, ஒன்று வீட்டில் கவனித்துக்கொள்கிறவருடையது, மூன்றாவது வேறு வீட்டில் இருக்கும் ஒரு உறவினருடையது. எதற்கு இத்தனை என்று நிறையப் பேர் சலித்துக்கொள்கிறார்கள். போன வாரம் ஒரு வருடக் கெடு முடிந்த ஒருவருக்குப் போட்டபோது, முதல் இரண்டும் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. மூன்றாவதை அவருடைய அக்கா எடுத்தார்.