எக்ஸோம் எடுக்க கேப்சரா, பிசிஆரா?

சரி, அடுத்த கேள்வி. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எம்.எஸ்சி. படிக்கும் தங்கை ஒருவர் எழுதியிருக்கிறார்: "அண்ணா, எக்ஸோமைப் பிரித்தெடுக்க பிசிஆர் முறைக்குக் கொஞ்சம் டிஎன்ஏ இருந்தால் போதும், வேலையும் சீக்கிரம் முடிகிறது. அப்புறம் ஏன் எல்லோரும் கேப்சர் முறைக்குப் போகிறார்கள்?"

நல்ல கேள்வி தங்கச்சி. நம் டிஎன்ஏவில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். புரதம் செய்வதற்கான குறிப்பு உள்ள எக்ஸான்கள் என்ற பகுதிகள் அதில் 1 முதல் 2 சதவீதம்தான். அவை மொத்தமும் சேர்ந்ததுதான் எக்ஸோம். அதை மட்டும் தனியே எடுக்கத்தான் இந்த இரண்டு வழிகளும்.

கேப்சரில் டிஎன்ஏவைத் துண்டுகளாக உடைத்து, பயோட்டின் என்ற மூலக்கூறு ஒட்டிய புரோப்களை, அதாவது எக்ஸான்களுக்கு ஜோடியாகச் செய்த சிறு இழைகளை, உள்ளே விடுகிறோம். அவை தங்கள் ஜோடித் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். பயோட்டினைப் பற்றும் காந்த மணிகளால் அவற்றை இழுத்துவிட்டு மீதியைக் கழுவிவிடுகிறோம். பிசிஆரில் ஒவ்வொரு பகுதிக்கும் இரு பக்கமும் பிரைமர் என்ற குட்டி டிஎன்ஏ இழையை வைத்து, நகலெடுத்துப் பெருக்குகிறோம்.

சிக்கல் அந்தப் பிரைமரில்தான். அது சுமார் 20 எழுத்து நீளம். அது ஒட்டும் இடத்தில் ஒருவருக்கு ஓர் எழுத்து மாறியிருந்தாலே, அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்த அந்தப் பிரதி பெருகாமல் போகலாம். மற்றது மட்டும் தெரியும். அதில் நோய் மாற்றம் இருந்தால் ரிப்போர்ட்டில் 'ஹோமோசைகஸ்' (இரண்டு பிரதியிலும் அதே மாற்றம்) என்று வந்துவிடும்.

நம் எல்லைப் பக்கத்தில் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் இன்றும் நடக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு ஹோமோசைகஸ் என்று வந்தால் யாருமே சந்தேகப்பட மாட்டார்கள். "சொந்தத்தில் கட்டினார்கள், இரண்டு பக்கமும் வந்துவிட்டது" என்று முடித்துவிடுவார்கள். இதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பெற்றோர் இருவரையும் பார்த்து, ஒருவரிடம் மட்டுமே மாற்றம் இருந்தால், வேறு பிரைமர் போட்டு மறுபடி பாருங்கள். இன்னும் மோசம், விடுபட்ட பிரதியிலேயே நோய் மாற்றம் இருப்பது. சோதித்துக்கொண்டவர் கேரியர் (நோய் இல்லாமல் மாற்றத்தைச் சுமப்பவர்) என்பதே தெரியாமல் போய்விடும்.

கேப்சர் புரோப் பல கிட்களில் 120 எழுத்து வரை நீளம். ஓரிரு எழுத்து மாறினாலும் பிடி விடாது. துண்டுகளும் கண்ட இடத்தில் உடைவதால், ஒரே துண்டின் நகல்கள் எவை என்று கண்டுபிடித்து நீக்கலாம். பிசிஆரில் ஒரு பகுதியின் எல்லா ரீடும் (இயந்திரம் படித்துத் தரும் துண்டு) ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடியும்; அப்படிப் பிரிக்க முடியாது.

கேப்சர் கிட்களும் ஒன்றுபோல இல்லை. 2011இல் நேச்சர் பயோடெக்னாலஜி ஆய்விதழில் வந்த ஒப்பீட்டில், நெருக்கமாக அடுக்கிய புரோப்களைக் கொண்ட நிம்பிள்ஜென் கிட் குறைந்த ரீட்களிலேயே தன் பகுதியை நன்றாக மூடியது. ஆனால் அது எடுத்துக்கொண்ட பகுதி சிறியது. அன்றைய இல்லுமினா கிட் மட்டும் யுடிஆர் பகுதிகளையும் (ஜீனின் ஓரங்களில் புரதமாக மாறாத பகுதிகள்) சேர்த்துப் பிடித்தது. இன்று எல்லாக் கிட்களும் மாறிவிட்டன. ஆனால் ஜி, சி எழுத்துகள் நிறைந்த இடங்களில் ரீட் குறைவது இன்னும் உண்டு. பல ஜீன்களின் முதல் எக்ஸான் அப்படிப்பட்டது.

பிசிஆரை ஒதுக்கச் சொல்லவில்லை. பீட்டா தலசீமியா என்ற ரத்தசோகை நோயை மட்டும் பார்க்க வேண்டுமென்றால், பீட்டா குளோபின் ஜீனில் 3 எக்ஸான்தான்; பெரும்பாலும் பிசிஆரும் சாங்கரும் (சிறு பகுதியை மட்டும் எழுத்து எழுத்தாகப் படிக்கும் முறை) போதும், எக்ஸோமே வேண்டாம்.

எக்ஸோம்தான் என்று முடிவானால், 'சராசரி 100 மடங்கு' (ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக 100 முறை படிக்கப்பட்டது) என்பதோடு விட்டுவிடாதீர்கள். குறைந்தது 20 ரீடாவது கிடைத்த இடம் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். உங்கள் ஜீன் பெயரைச் சொல்லி எக்ஸான் வாரியாகப் பட்டியல் வாங்குங்கள். அதில் முதல் எக்ஸானை முதலில் பாருங்கள்.