கோவலனை எழுப்பிய ஊர்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மங்கள விளக்கேற்றிய பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, வேலைப்பளுவுக்குள்ளும் வந்து முன்வரிசையில் இருக்கிற கல்விப் பணிப்பாளர் ஐயா அவர்களே, கோவில் பரிபாலன சபையினரே, கூத்துப் பழக்குகிற முள்ளியவளை அண்ணாவிமாரே, தாய்மாரே, பிள்ளைகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். போன வருசப் பேச்சாளர் ஒருவரை விட்டுவிட்டு இன்னும் ஏச்சு வாங்குகிறார்.

மூன்று விடயம் சொல்ல வந்தேன்: நாடகமும் கூத்தும், உடுப்பும் ஒப்பனையும், பத்தினியும் கண்ணகியும். பத்தினி என்பது சிங்களவர் எங்கள் கண்ணகியைக் கும்பிடுகிற பெயர்.

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்.” சிங்களவரின் கலையைப் பார்த்து எங்களுக்கு என்ன வரப்போகிறது என்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். பேராதனைப் பல்கலைக்கழகத்துச் சரத்சந்திரா 1956இல் ‘மனமே’ என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். அதே பேராதனையில் வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தைத் தந்தார். சரி, கதைக்கு வருகிறேன்.

சப்ரகமுவப் பக்கம் கம்மடுவ பார்க்க ஆசிரிய நண்பர் ஒருவர் கூட்டிப்போனார். மழைக்கும் விளைச்சலுக்கும் நோய் நீங்கவும் பத்தினிக்குச் செய்கிற சடங்கு. குருத்தோலைப் பந்தலுக்குள் கப்புறாளை, அவர்களின் பூசாரி, சேலை உடுத்தி, சிலம்போடு வாறார். பின்னேரம் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்த அதே மனுசன்! என் சிங்களம் அரைகுறைதான். கதை தெரிந்த கதைதானே. மதுரையில் பலங்க வெட்டுப்பட்டுக் கிடக்கிறார். பலங்க வேறு யாருமில்லை, எங்கள் கோவலன். பத்தினி ஒப்பாரி வைக்கிறாள். பக்கத்தில் ஒரு ஆச்சி, பதறாமல் வெற்றிலை மென்றுகொண்டு இருக்கிறா. பார்த்தால், வெட்டுப்பட்டவன் எழும்பிவிட்டான்! நானும் பாயை விட்டு எழும்பிவிட்டேன். “என்ன, செத்தவனை எழுப்பிப்போட்டியள்?” நண்பர் அதை ஆச்சியிடம் கேட்டார். ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தா. “அப்ப நீங்கள் அவனை அப்பிடியே போட்டிட்டோ வீட்டை போறனீங்கள்?”

விடிய விடியக் கோவலன் கூத்துப் பார்த்து, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலில் கடல்நீரில் விளக்கெரிவதைக் கும்பிட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கேள்வி எனக்குள் ஒருநாளும் வந்ததில்லை. சிலப்பதிகாரத்திலும் அவன் எழுந்து, கண்ணகியின் கண்ணீரைத் துடைத்து, “இரு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். அவர்களின் பத்தினி புருசனின் உயிரைத் திருப்பி வாங்கிவிட்டாள். எங்கள் அம்மன் நீதி கேட்டு மதுரையை எரித்த சூட்டோடு வந்து வற்றாப்பளையில் பொங்கலுக்குக் குளிர்ந்தவள். 2017இலிருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி வீதியோரம் இருக்கிற கிளிநொச்சித் தாய்மாருக்கு இந்தக் கதையை நான் விளக்கத் தேவையில்லை.

உடுப்பைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம், உண்மை. ஆனால் எங்கள் அண்ணாவிமாருக்கு ஆடத் தெரியும். கூடம்தான் கோணல்! வட்டக்களரியில் சுற்றிவர இருந்து பார்த்த கூத்தை மண்டபத்துக்குள் அடைத்து, ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தி, இருபது நிமிசத்தில் முடி என்கிறோம். 2009இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியபோது கூத்துக் கொப்பியையா தூக்கினோம்? மிச்சப் பாட்டு இந்தப் பெரியவர்களின் நெஞ்சில்தான் இருக்கிறது. பிரதேச செயலாளர் அம்மா, ஒரு வட்டக்களரிக்குக் காணி தாருங்கள். பணிப்பாளர் ஐயா, கிழமையில் ஒரு பாடவேளை அண்ணாவிமாரைப் பள்ளிக்கூடத்துக்குள் விடுங்கள். மனு வாசல் மேசையில் இருக்கிறது. தலைவர்தான் முதல் கையொப்பம் வைக்கவேண்டும். பேனை இந்தா, என்னிடமே இருக்கிறது.